அடுக்களைக் கேள்வி-பதில்: அயல்நாட்டில் ஒரு சொதி விருந்து

கேள்வி: என் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. இப்போது கணவருடன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கிறேன். அவருடன் பணிபுரியும் ஆறு பேரை ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் பால், நெய், தேன் எதையும் தொடாத வீகன். இன்னொருவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பட்டர் நானும் பன்னீர் மசாலாவும் செய்தால் போதும் என்கிறார் கணவர். எனக்கோ நம் ஊர்ச் சாப்பாட்டைப் போடவேண்டும் என்று ஆசை. என்ன சமைக்கலாம்?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: உங்கள் ஆசைப்படியே செய்யுங்கள். பன்னீரும் நானும் வைத்தால் நீங்கள் குறிப்பிட்ட இருவரும் வெறும் தட்டுடன் உட்கார்ந்திருக்க நேரும். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கும் சொதியில், அதாவது தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த நம் பக்கத்துக் குழம்பில், அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதில் கோதுமை கிடையாது; தாளிப்பதற்கு நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தினால் பால் பொருளும் கிடையாது; புளியோ வற்றல் மிளகாயோ சேராததால், காரம் பழகாதவர்களும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

சொதி வைக்கும் நாளில் சாம்பாரும் ரசமும் வேண்டாம். ஐரோப்பியரை அழைத்துவிட்டோம் என்ற பதற்றத்தில் பதினைந்து வகை சமைத்துவிட்டு, விருந்தினர் வந்து உட்காரும்போது களைத்துப்போய் நிற்கும் நம் பெண்கள் அநேகம். சோறு, சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஒரு பாயசம். நம் பக்கத்துச் சொதிச் சாப்பாடே இவ்வளவுதான். வெஞ்சனம் இன்னும் ஒன்று வேண்டும் என்று தோன்றினால் பீன்ஸில் தேங்காய் போட்டுப் பொரியல் செய்துகொள்ளுங்கள். பச்சடியில் சேரும் தயிரை மட்டும் வீகன் நண்பருக்காகத் தவிர்த்து, இஞ்சியைத் துவையலாக அரைத்துவிடலாம்.

எட்டுப் பேருக்கு நூற்றைம்பது கிராம் பாசிப்பருப்பை மணம் வரும்வரை வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் துருவிப் பால் எடுக்க அங்கே நேரம் இருக்காது என்பதால் 400 மில்லி டப்பாப் பாலே போதும். மூன்று டப்பாக்கள் வேண்டியிருக்கும். ஒரு டப்பாவில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்தால் அதுவே இரண்டாம் பால். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, சின்ன வெங்காயம், உறைநிலையில் கிடைக்கும் முருங்கைக்காய் ஆகியவற்றை அதில் வேகவிட்டு, பருப்பையும் இஞ்சிச் சாற்றையும் சேருங்கள். பச்சை மிளகாயை அரைக்காமல் கீறிப் போட்டால், பரிமாறுவதற்கு முன் எடுத்துவிடலாம்; நம்மவர்களுக்கு அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு டப்பாப் பால்தான் முதல் பால்; அது கடைசியில்தான் சேரவேண்டும்.

பெரும்பாலான சொதி கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். நம் ஊர் காஸ் அடுப்பை அணைத்தால் தீ அந்த நொடியே போய்விடும். அங்கே பல வீடுகளில் உள்ள கண்ணாடித் தட்டு மின்னடுப்பு, அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. பாத்திரத்தையே தூக்கி வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருக்கும்போது இங்கே பால் திரிந்து, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். எலுமிச்சம்பழத்தையும் சூடு சற்றுத் தணிந்தபின் பிழியுங்கள். உங்களுடையது இண்டக்ஷன் அடுப்பென்றால் இந்தக் கவலை குறைவு.

சோற்றுக்குப் பொன்னி அரிசி கிடைத்தால் அதையே வடியுங்கள். பாசுமதி உதிரி உதிரியாக நின்றுகொள்ளும். சொதி அதில் ஒட்டாது என்பது என் கட்சி.

கோதுமை ஆகாதவரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சொதிக்குப் பெருங்காயம் தேவையில்லை. மற்றவற்றிலும் அன்று போடாதீர்கள். அப்பளப் பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்துப் பாருங்கள். இன்னொன்று, ஊரிலிருந்து வந்த அல்வாவை ஆசையாக அவர் தட்டில் வைத்துவிடக் கூடாது. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. அதில் நெய்யும் உண்டு. இனிப்புக்கு, கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, தேங்காய்ப் பால் சேர்த்து ஜவ்வரிசிப் பாயசம் வைத்தால் ஆறு பேரும் சாப்பிடலாம்.

அழைப்பை உறுதிசெய்யும்போதே, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவாகாது. ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பியச் சட்டம் 14 பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நாம் யோசிக்காமல் தாளிக்கும் கடுகும், துவையலுக்கு வறுக்கும் எள்ளும் அவற்றில் உண்டு. இந்தக் காரணத்தால்தான் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கும்படி நான் சொல்லவில்லை. அவற்றை நம் வீட்டார் மட்டும் கூடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்கு அழைத்தால் ஏழு மணிக்கே வாசல் மணி அடிக்கும். தாளிப்பும் அப்பளமும் தவிர மற்றவை ஆறரைக்கே முடிந்திருக்கட்டும். தாளிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். நடைவழியில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், அதற்குக் கடுகு வெடிப்பதும் வீடு எரிவதும் ஒன்றுதான்.

கேள்வி: என் மகள் குடும்பத்துடன் பாரிஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு விருந்தினர் வருவதால், நான் போகும்போது கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வீட்டு நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் கொண்டுபோக நினைக்கிறேன். அனுமதிப்பார்களா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் சொன்ன நான்கையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அம்மா. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. பச்சையான காய், கீரை, இலை எதுவானாலும் 2019 டிசம்பர் முதல், நோயோ பூச்சியோ இல்லை என்று நம் நாட்டு அதிகாரிகள் தரும் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலையை இந்த விஷயத்தில் பல நாடுகள் கூடுதலான சந்தேகத்துடன் பார்க்கின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்தச் செடியிலும் வாழ்வதே காரணம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. அதற்காகத் தேங்காயைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். பாரிஸில் இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் தேங்காயும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். பெட்டியில் இருக்கும் இடத்தைச் சுண்ட வற்றல், மிதுக்க வற்றல், உடன்குடிக் கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தினரிடம் "இன்னும் கொஞ்சம்" என்று எத்தனை முறை கேட்கலாம்?
– வாசகர், ஹாம்பர்க் (ஊர்: தென்காசி)

பதில்: ஒரு முறை. நம் பந்தியில் "போதும்" என்பதை யாரும் நம்புவதில்லை. இலையை மடித்தால்தான் நம்புவோம். ஜெர்மானியர் பலர் வைத்ததை மிச்சமின்றி முடிப்பதையே மரியாதையாக நினைப்பவர்கள். காலியான தட்டைக் கண்டதும் நீங்கள் ஓடிவந்து சோறு வைக்க, அவர் அதையும் சிரமப்பட்டு முடிக்க, நீங்கள் மறுபடியும் வைக்க, கடைசியில் அவர் எழுந்திருக்கவே திணறுவார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின்மேல் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு முடிந்தது என்று பொருள். பாத்திரங்களை மேசை நடுவில் வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ள விடுவது இருவருக்கும் நல்லது. பாசம் தாங்காவிட்டால் மிஞ்சியதை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். சோற்றை மட்டும் வெளியிலேயே வைத்திருந்து கொடுக்காதீர்கள். வெந்த அரிசியில் அழியாமல் தங்கும் கிருமி, அறை வெப்பத்தில் பெருகி வாந்தியை உண்டாக்கும். மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக் கொடுங்கள்.