'ஆஃப்' என்றால் அணைவது மட்டுமில்லை

'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்பதை 'அலாரம் நின்றுவிட்டது' என்று மொழிபெயர்த்து மதிப்பெண் போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். வருத்தப்படாதீர்கள், சுவிட்சில் பார்த்துப் பழகிய சொல் எல்லோரையும் ஏமாற்றும். அங்கே அலாரம் அடித்தது என்றுதான் பொருள். அதே 'வென்ட் ஆஃப்' விளக்குக்கு வந்தால் அணைந்தது, குண்டுக்கு வெடித்தது, பாலுக்குக் கெட்டுப்போனது.

'ஆஃப்' என்பதன் வேர்ப்பொருள் விலகல். இருந்த நிலையை விட்டு விலகுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சும்மா இருந்த அலாரம் அடிக்கும், எரிந்த விளக்கு அணையும். நம் 'விடு'வும் இப்படித்தானே? மழை விட்டது என்றால் நின்றது. பட்டம் விட்டான் என்றால் பறக்கவைத்தான்.

அதனால் அடுத்த முறை எழுவாயை முதலில் பாருங்கள், அப்புறம் வினைக்கு வாருங்கள்.