இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வருஷம் ஊட்டியில் ஒரு நர்சரியில் ஃபெர்ன் செடி வாங்கி வந்தேன். கோவையில் எங்கள் பால்கனியில் நன்றாகத்தான் வளர்ந்தது. இப்போது இலைகளுக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு அக்கா செதில் பூச்சி என்கிறார், மருந்தடிக்கச் சொல்கிறார். இலை நுனிகளும் கருகுகின்றன. பூக்காத, காய்க்காத செடிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று என் கணவர் கேட்கிறார். அழகைத் தவிர இதனால் வீட்டுக்கு ஏதாவது பயன் உண்டா? விதையே இல்லாமல் எப்படிப் பெருகுகிறது?

மீனாட்சி, கோவை

அன்புள்ள மீனாட்சி,

மருந்தடிக்காதீர்கள். முதலில் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடு நரம்புக்கு இருபுறமும் ஒரே இடைவெளியில், அடிப்பக்கம் மட்டும் இருந்தால் அவை செடியின் சொந்தச் சரக்கு. செதில் பூச்சி இத்தனை ஒழுங்காக உட்காராது. தண்டிலும் நரம்போரத்திலும் கண்டபடி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், இலையும் பிசுபிசுக்கும்.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நுண்ணிய பைகளின் கொத்து. பைக்குள் இருப்பவை ஸ்போர்கள், அதாவது செடி பெருக உதவும் நுண்ணிய துகள்கள். பையின் முதுகில் தடித்த சுவருள்ள செல்கள் ஒரு வளையமாக அமைந்திருக்கும். வெயில் ஏறி அந்தச் செல்களிலிருந்து நீர் ஆவியாகும்போது வளையம் பின்னோக்கி வளைந்து பையைக் கிழிக்கும். ஓர் அளவுக்கு மேல் இழுவை தாங்காமல் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும், ஸ்போர்கள் தெறித்துப் பறக்கும். இதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆனால் முற்றிய இலை ஒன்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, காற்றுப் படாமல் இரவு முழுக்க வைத்தால் காலையில் தாளில் காப்பித்தூள் மாதிரி படிந்திருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தத் தூள் விதை அல்ல, உள்ளே கரு கிடையாது. ஈர மண்ணில் விழுந்தால் முளைத்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாக வளரும். தனியாக வாழும் செடி அது. ஆண், பெண் உறுப்புகள் அதன் அடியில்தான் இருக்கின்றன. ஆண் செல் நீந்திப் போய் முட்டையைச் சேர வேண்டும். அதற்கு மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். அது நடந்தால்தான் நாம் பார்க்கும் பெரணி (ஃபெர்னுக்குத் தமிழ்ப் பெயர்) அதிலிருந்து எழும்பி வரும். அருவியோரம், சோலைக்காடு, கிணற்றுச் சுவர் என்று ஈரம் இருக்கும் இடங்களையே பெரணிகள் அதிகம் பிடித்துக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம்.

பூவும் விதையும் கண்ணில் படாததால் ஐரோப்பியர்கள் வெகுகாலம் குழம்பினார்கள். பெரணி விதை கண்ணுக்குத் தெரியாது, அது கையில் கிடைத்தவனும் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்றுகூட நம்பினார்கள். ஜமைக்காவில் இருந்த ஜான் லிண்ட்சே என்ற மருத்துவர் இந்தத் தூளை விதைத்துச் செடி வளர்த்ததை 1794-இல் வெளியிட்டார். தகட்டில் கருவுறுதல் நடப்பதை சுமின்ஸ்கி என்ற போலந்துக்காரர் 1848-இல் விளக்கினார்.

சரி, பயனுக்கு வருவோம். உங்கள் கணவர் ஆராக்கீரை சாப்பிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் நான்கு சிற்றிலைகளோடு படரும் அந்தக் கீரை ஒரு பெரணி. காம்பின் அடியில் உருண்டையான, கடினமான காய் போன்ற ஒன்று இருக்கும். அது ஸ்போர்களின் உறை, குளம் வற்றினாலும் வருஷக்கணக்கில் காத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இதன் சொந்தக்காரச் செடிக்கு நார்டூ என்று பெயர். 1861-இல் பாலைநிலத்தில் மாட்டிக்கொண்ட பர்க், வில்ஸ் என்ற பயணிகள் அந்த உறைகளை மாவாக்கித் தின்றும் மெலிந்தே செத்தார்கள். சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அவர்களோடு போன கிங் என்பவரை யாண்ட்ருவாண்டா பழங்குடியினர் சேர்த்துக்கொண்டதால் அவர் பிழைத்தார். நாம் சாப்பிடுவது இலையை, அதுவும் வேகவைத்து.

அடுத்தது அசோலா. சில்பாலின் விரித்த குழியில் சாணிக் கரைசல் ஊற்றி மாட்டுக்கும் கோழிக்கும் வளர்க்கிறார்களே, அதுவும் மிதக்கும் பெரணிதான். அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. நெல் வயலில் விடுவது அதற்காகத்தான்.

கொல்லிமலையில் சைவ ஆட்டுக்கால் என்று சூப் வைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும், பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மேலே இருக்கும் பழுப்பு ரோமத்தைச் சுரண்டிவிட்டு மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு வைத்தால் சூப் நன்றாகவே இருக்கும். மூட்டுவலி போய்விடும் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

உலகில் 10,000-க்கும் மேற்பட்ட பெரணி வகைகள் இருக்கின்றன. நீலகிரிச் சோலைகளில் மரமாகவே நிற்பவை உண்டு. இலையின் அடிப்பக்கத்தைக் கையில் வைத்து அழுத்தினால் வெள்ளையாக அச்சு விழுமே, மலைப்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடும் அந்த வெள்ளிப் பெரணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது. பூங்கொத்தில் வைக்கிறார்களே, ஆஸ்பரகஸ் ஃபெர்ன், அது பெரணியே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். அப்புறம், கண்ட பெரணியையும் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். பழைய சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். அசுத்தமான மண்ணைச் சுத்தம் செய்ய உதவும், குழம்புக்கு உதவாது. வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். அந்தச் சோதனைகள் மூடிய பெட்டிக்குள் செய்தவை, நாலு தொட்டியால் ஒரு ஹாலில் பெரிய மாற்றம் வராது.

நுனி கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த காற்று, நேர் வெயில், அல்லது போர்வெல் உப்புத் தண்ணீர். காலை வெளிச்சம் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஸ்போரிலிருந்து வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். அவசரமென்றால் தொட்டி நிறைந்ததும் வேரோடு இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள். புள்ளிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.