ஐசியூவில் செப்சிஸ், கிட்னியும் பாதிப்பு: புரோபயாடிக் கொடுக்கலாமா?

அப்பாவுக்கு செப்சிஸ் (தொற்றுக்கு எதிராக உடல் அளவுமீறி எதிர்வினை செய்து உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) வந்து கிட்னியும் பாதித்திருக்கிறது, புரோபயாடிக் கேப்சூல் (குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் உள்ளது) வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

யோசனையில் நியாயம் இருக்கிறது. செப்சிஸில் ரத்த ஓட்டம் குறைந்து குடல் சுவர் கசிய ஆரம்பிக்கும். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்புறம், குடல் கிருமிகளால் உருவாகும் இண்டாக்சில் சல்பேட் போன்ற கழிவை வெளியேற்ற வேண்டியது கிட்னிதான். அது படுத்துவிட்டால் கழிவு ரத்தத்திலேயே தங்கும்.

ஆனால் கேப்சூலில் இருப்பதும் உயிருள்ள கிருமிதானே! வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற புரோபயாடிக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. நிமோனியா குறையவில்லை (21.9%, மருந்தில்லாத போலி கேப்சூல் பெற்றவர்களில் 21.3%). சிலருக்கு அந்தக் கிருமியே ரத்தத்தில் வளர்ந்தது. அது கிட்னிக்கான ஆய்வு இல்லை, ஆனாலும் எச்சரிக்கை போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கட்டில் பக்கத்தில் கேப்சூலைப் பிரித்தால் பொடி கையில் ஒட்டும். அதே கை கழுத்தில் போட்ட டயாலிசிஸ் குழாயைத் தொட்டால் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகலாம்.

தயிர் கேட்கிறாரா? சரி, வாயால் சாப்பிடும் நிலை வந்ததும் டயட்டீஷியனைக் கேளுங்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவு பார்த்துச் சொல்வார்.