மீட்டுவந்த பிறகு என்ன நடக்கும்? கேள்வி பதில்

பணத்துக்காகப் பாலியல் சுரண்டலில் சிக்கவைக்கப்பட்ட குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் யார், என்ன உதவி செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) இருக்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, நான் லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். 15, 16 வயது மதிக்கத்தக்க பெண்ணை ஒரு ஆள் கூட்டிவருகிறான். ரூமுக்கு வேறு வேறு ஆட்கள் வந்துபோகிறார்கள். முதலாளி "நமக்கென்ன" என்கிறார். யாரிடம் சொல்வது?

பதில்: குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், இன்றைக்கே. அந்தப் பெண் இப்போது அறையில் இருந்தால் அவசர உதவி எண் 112. உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்று போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவே சொல்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்தான் வம்பு, 6 மாதம் வரை சிறை. தயவுசெய்து அந்தப் பெண்ணைத் துருவிக் கேட்காதீர்கள், அவனிடமும் முறைக்காதீர்கள். சந்தேகம் தட்டினால் உடனே இடத்தை மாற்றிவிடுவான். ரெஜிஸ்டரும் கேமரா பதிவும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். ரெய்டில் பிடிபட்டால் சிறுமிமீதும் வழக்கு வருமா? "நானாகத்தான் வந்தேன்" என்று அவளே சொன்னால்?

பதில்: வராது. 18 வயது ஆகாதவளின் சம்மதம் இங்கே கணக்கிலேயே வராது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி அவள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. இப்படிப்பட்ட குழந்தைகளை எங்கே, யாரிடம் வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

"நானாகத்தான் வந்தேன்", "எனக்கு 19 வயசு" இரண்டும் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்த பாடம். கையில் ஓர் ஆதார் அட்டையும் கொடுத்து வைத்திருப்பார்கள். வயதுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு "மேஜர்" என்று எழுதிவிட்டால் போக்சோவின் பாதுகாப்பு மொத்தமும் கைவிட்டுப் போய்விடும். அப்புறம் ஒன்று, பணம் கொடுத்து வந்தவனும் குற்றவாளிதான். அவனைச் சாட்சியாக்கிவிட்டு அனுப்பிவிடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கேள்வி: என் அக்கா மகளை மீட்டு வேறு மாவட்டத்து இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்ற தாய் போய்க் கேட்டும் அனுப்பவில்லை. ஏன் மேடம்?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஆனால் இந்த வழக்குகளில் குழந்தையைக் கூட்டிப்போனவர் பல நேரம் சொந்தக்காரராக, பக்கத்து வீட்டுக்காரராக, வேலை வாங்கித் தருகிறேன் என்ற தெரிந்தவராக இருப்பார். அதனால் வீட்டைப் பற்றி விசாரிக்காமல் குழந்தைகள் நலக் குழு அனுப்பாது. இந்த விசாரணையை முடித்துச் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். விசாரிக்க உங்கள் வீட்டுக்கு வருபவர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், கடன் உண்டா, அவளை அழைத்துப்போனவன் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறானா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை பார்க்க அனுமதி கேட்டும், உங்கள் மாவட்டத்துக்கே மாற்றச் சொல்லியும் குழுவுக்கு மனு கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும்.

கேள்வி: இல்லத்தில் விட்டாலும் சில பிள்ளைகள் தப்பித்து, தங்களைச் சிக்கவைத்தவனிடமே போகிறார்கள் என்கிறார்களே, அக்கா?

பதில்: நடக்கிறது. அதற்காக அந்தப் பிள்ளையைத் திட்டுவதைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றமாட்டாத கோபம். முதல் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? இரவெல்லாம் விழித்திருப்பாள், பகலில் தூங்குவாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். போனைக் கொடு, போனைக் கொடு என்று கதவை உதைப்பாள். அடித்தவனும் அவன்தான், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அவனை விட்டால் ஆளில்லை என்று நம்பவைத்திருக்கிறான். அந்த நாட்களில் நான் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. தனக்கென்று ஒரு சீப்பு, மாற்றுத்துணி, குளிக்கும்போது உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு, இவைதான் முதல் சிகிச்சை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சோறு எடுத்து வைத்திருப்போம். பேச்சு தானாக வரும், சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் கேட்பார்களோ என்று என் மகள் பயப்படுகிறாள்.

பதில்: கேட்க மாட்டார்கள். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேட்காமல் நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கு முடியும்வரை அவர் கூட வருவார்.

கேள்வி: செலவுக்கு என்ன வழி? தீர்ப்பு வந்தால்தான் பணமா?

பதில்: இல்லை. இது பலருக்குத் தெரியாமலே போகிறது. 2020 போக்சோ விதிகளின்படி, உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடி உதவி கொடுக்கக் குழுவே பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்த ஒரு வாரத்தில் பணம் கிடைக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடும் தரலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், விடுதலையே ஆனாலும்கூட இழப்பீடு தர வழி இருக்கிறது. மனு எழுத மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். வீடு திரும்பிப் படிக்கும் குழந்தைக்கு, தகுதி இருந்தால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பையன்களுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: உண்டு. போக்சோவில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பையன்கள் வாய் திறப்பது இன்னும் அரிது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் தலைமை ஆசிரியர். அப்படி ஒரு மாணவி திரும்பி வந்தால் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?

பதில்: யாருக்கும் சொல்ல வேண்டாம் சார். அடையாளத்தை வெளியிடுவது குற்றம். உங்களோடு நிற்கட்டும். வருகைப் பதிவேட்டில் விடுபட்ட மாதங்களுக்குக் காரணம் கேட்டு யாரும் அவளை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 18 முடிந்ததும் இல்லத்தைவிட்டு அனுப்பிவிடுவார்களா?

பதில்: இங்கேதான் நம் ஏற்பாடு இன்னும் பலவீனமாக இருக்கிறது. சட்டப்படி 21 வயதுவரை பிற்காப்பு உதவி உண்டு: தங்க இடம், தொழிற்பயிற்சி, பணம். ஆனால் கேட்காமல் வராது. பிறந்தநாள் வரும்வரை காத்திருக்காமல், சில மாதங்கள் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.