துருவக் கடல் பாக்டீரியாக்கள்: கேள்விகளும் பதில்களும்

நிலா: இரண்டு துருவத்திலும் ஒரே குளிர்தானே சார், ஒரே பாக்டீரியாக்கள்தான் இருக்குமா?

குளிர் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றல்ல. ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல். ஓப், யெனிசெய், லேனா போன்ற பேராறுகள் அதில் வந்து விழுகின்றன. உலகின் ஆற்றுநீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கேதான் சேர்கிறது. அண்டார்டிகாவோ கடல் சூழ்ந்த நிலம், கடலில் கலக்கும் பேராறு எதுவும் கிடையாது. 2012-இல் வந்த ஒரு விரிவான ஒப்பாய்வில், அண்டார்டிகாவைச் சூழ்ந்த தெற்குப் பெருங்கடலில் கிடைத்த வகைகளில் 78 சதவீதமும் ஆர்க்டிக் வகைகளில் 70 சதவீதமும் மற்ற துருவத்தில் காணப்படவில்லை.

சரவணன்: அப்போ பொதுவாக இருப்பவை வெப்பமண்டலக் கடலை எப்படித் தாண்டின?

அடியாழம் வழியாக என்பதே எனக்கு வலுவாகப் படும் விடை. அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது. அந்தக் கனத்த குளிர்நீர் மூழ்கி, கடலடியில் வடக்கு நோக்கிப் பரவுகிறது. நிலநடுக்கோட்டில்கூட ஆழத்தில் தண்ணீர் சில டிகிரி குளிர்தான். பயணம் நூற்றாண்டுக் கணக்கில் நீளும். மேற்பரப்பைவிட ஆழ்நீரில் இரு துருவக் கூட்டங்களும் அதிகம் ஒத்துப்போகின்றன என்று அதே ஆய்வு சொல்வது இதற்குப் பொருந்துகிறது.

ஃபாத்திமா: இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ரொம்ப முக்கியமான கேள்விம்மா. பெரும்பாலும் 16எஸ் என்ற ஒரே மரபணுவை வைத்துத்தான். சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம், மிக மெதுவாக மாறுவது. கடல்பனியில் வாழும் ஆக்டாடெகாபாக்டர் என்ற பாக்டீரியாப் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக்கில் ஆர்க்டிகஸ், தெற்கில் அண்டார்டிகஸ் என இரண்டு இனங்கள். 16எஸ் மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 2013-இல் முழு மரபணுத் தொகுதியும் வெளியானபோது, மரபணுக்களின் வரிசை பெரிதும் கலைந்து கிடப்பது தெரிந்தது. இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள் இரண்டிலும் வழக்கத்துக்கு மாறாக மிகுதி. ஆளுக்கொரு துருவத்தில் தங்கியபின் அவை தனித்தனியாகத் தொகுதியை மாற்றி அடுக்கியிருக்க வேண்டும். அதனால்தான் 16எஸ் மட்டும் வைத்து வரைந்த பரவல் வரைபடங்களை நான் முதல் வரைவாகவே எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஒன்றாக இருக்கலாம், அந்த உயிர் செய்யும் வேலை வேறாக இருக்கலாம்.

முருகேசன்: பனிக்குள் உறைந்து சாகாதா?

பனிக்கட்டிக்குள் உப்புநீர் நுண்குழாய்கள் உண்டு, அவற்றில்தான் வாழ்கின்றன. குளிரிலும் இறுகாத கொழுப்பு அமிலங்கள் செல்சவ்வை இளக்கமாக வைக்கின்றன. சில பாக்டீரியாக்கள் பனிப்படிகத்தைப் பற்றி அதன் வளர்ச்சியைத் தடுக்கும் புரதமும் சுரக்கின்றன.

கவின்: முதுகலை படிக்கிறேன் சார். மாதிரி எந்தக் காலத்தில் எடுக்கலாம்?

முடிந்தால் குளிர்காலத்திலும் எடுங்கள் தம்பி. கோடையில் பாசி பெருகும்போது போலாரிபாக்டர் போன்ற சில வகைகள் மேலோங்கிவிடும். இருண்ட மாதங்களில்தான் பன்மை கூடுதல். இந்தியாவுக்கு ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையமும், அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி நிலையங்களும் உள்ளன. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம்தான் இவற்றைக் கவனிக்கிறது. உங்கள் வழிகாட்டியோடு பேசி, முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.