பந்தயத்தன்று லேசிக்ஸ் ஊசிக்கு ஐரோப்பாவில் ஏன் தடை?

அமெரிக்காவில் பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்பு குதிரைக்கு லேசிக்ஸ் என்ற, நுரையீரல் இரத்தக் கசிவைக் குறைக்கும் ஊசியைப் போடுகிறார்களே, பிரிட்டனிலும் பிரான்ஸிலும் ஏன் விடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழு வேகத்தில் ஓடும்போது குதிரையின் நுரையீரல் நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் மிகவும் ஏறுகிறது. அவை வெடித்து இரத்தம் கசியும். சில குதிரைகளுக்கு மூக்கு வழியாகவே கொட்டும். லேசிக்ஸ், அதாவது ஃபுரோசெமைடு என்கிற மருந்து, சிறுநீரைப் பெருக்கி அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது. கசிவு குறைவது உண்மைதான். ஆனால் நீர் வெளியேறி எடையும் குறைவதால், ஓட்டத்தில் கூடுதல் சாதகம் கிடைக்கிறது.

பிரிட்டனில் பயிற்சிக் காலத்தில் கொடுக்கலாம். பந்தயத்தன்று உடலில் தென்பட்டால் குதிரை தகுதி இழக்கும். எனக்கு வலுவாகப் படும் காரணம் இனவிருத்தி. பெரிய பந்தயங்களை வென்ற குதிரையைத்தானே பொலிகுதிரையாக வைக்கிறார்கள்? பலவீனத்தை மருந்தால் மறைத்து வென்றால், அது குட்டிகளுக்கும் இறங்கலாம்.