நெல்லிக்கனியோடு நின்றுவிடுகிறோம்

கேள்வி: வருஷத்துக்கு ஒன்றிரண்டு இலக்கியக் கூட்டம் எங்கள் பக்கம் நடக்கிறது. வெளியூர் எழுத்தாளர்கள் வந்து புத்தகம், எழுத்து, இன்றைய சிந்தனை என்று பேசிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். மழையை நம்பிப் பிழைக்கும் தர்மபுரிக்காரனுக்கு இதனால் என்ன கிடைக்கிறது? பேசுவதற்கு நம் ஊரில் ஆளே இல்லையா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: ஆள் இருக்கிறார்கள். ஆதவன் தீட்சண்யா அரூர்ப் பக்கத்தில் பிறந்து ஓசூரில் இருந்து எழுதுபவர். பா. வெங்கடேசனும் ஓசூர்வாசிதான். இன்னும் பின்னால் போனால், 'ஞானபாநு' பத்திரிகை நடத்திய சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடியது உங்களுக்குப் பக்கத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில். இவர்களில் யாருடைய புத்தகத்தையாவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா? உங்கள் கேள்வியில் ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. என் வருத்தம் அங்கேதான்.

கூட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மணி என்று அழைப்பிதழில் இருக்கும், தொடங்க ஏழாகும். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. வாழ்த்துபவர்களில் பாதிப்பேர் அட்டையைத் தாண்டிப் படித்திருக்க மாட்டார்கள். எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி எட்டரை, கடைசி பஸ்ஸுக்காகப் பின்வரிசை எழுந்துவிடும். அவரும் எந்த ஊரிலும் பேசக்கூடிய பொதுப் பேச்சு ஒன்றைப் பேசி முடித்துக்கொள்வார். எதிரே இருப்பவர்கள் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அவர் வாய் திறக்கும்?

"ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண்ணிது" என்று ஆரம்பிக்காத பேச்சாளரை நான் பார்த்ததில்லை. அது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. நாலு பாட்டு தள்ளி 95இல் அதே ஔவை தொண்டைமானின் ஆயுதச் சாலையில் நிற்கிறாள். உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. என் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோலச் சொல்லி, அடுத்த நாட்டு அரசனிடம் போரின் கணக்கைப் புரியவைக்கிற பாட்டு. ஒரு கவிஞர் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே எப்படிப் பேசலாம் என்பதைவிட இன்றைய சிந்தனை வேறென்ன வேண்டும்? நாம் கனியோடு நின்றுவிடுகிறோம்.

நல்ல கூட்டமும் நடக்கிறது. அரூர்ப் பக்கம் ஒரு நூலகத்தில் முப்பது பேர் இருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மானாவாரிக் குடும்பம் ஒன்றின் கதை, எழுதியவர் வெளியூர். புத்தகத்தில் அங்கங்கே பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "சார், மானாவாரி ராகிக் கதிரைச் சித்திரையில அறுக்கறாங்கன்னு போட்டிருக்கீங்க. எங்க காட்டுல ஆடியில விதைச்சா ஐப்பசி, கார்த்திகையில அறுத்துருவோம். சித்திரையில நிலம் சும்மா கெடக்கும்." எழுத்தாளர், "அந்தச் சண்டைக்கு எனக்கு வெயில் தேவைப்பட்டதும்மா" என்றார். "வெயிலு வேணும்னா புளி உலுக்கற சமயத்துல வெச்சிருக்கலாமே சார். மரத்துக்கு மேல ஒருத்தன், கீழ பொறுக்கறவங்க நாலு பேரு, குத்தகைக்காரனும் நிப்பான். சண்டைக்கு அதைவிட நல்ல எடம் ஏது?" எழுத்தாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கதைக்காக உண்மையை எவ்வளவு வளைக்கலாம் என்று அதற்கப்புறம் ஒரு மணி நேரம் வாதம். வாழ்த்துரையே இல்லை. மழையை நம்பிப் பிழைப்பவருக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று கேட்டீர்களே, அன்று அந்த நாவலை நுணுகிப் படித்திருந்தவர் அவர்தான்.

இன்றைய சிந்தனை நகரத்துச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. அடிபட்டவர்களின் கதையை யார் எழுதலாம், எப்படி எழுதலாம் என்று எழுத்தாளர்கள் இன்று எங்கும் வாதாடுகிறார்கள். உங்கள் மாவட்டத்துக்குள்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20இல் அந்த மலையடிவார ஊருக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது, உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் கோர்ட்டில் ஏறிச் சொன்னதைப் புனைவாக்க ஒரு நாவலாசிரியருக்கு உரிமை உண்டா, உண்டென்றால் யாரிடம் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்? இதைச் சென்னையில் உட்கார்ந்து பேசுவதற்கும், அவர்களுடைய பிள்ளைகள் முன்வரிசையில் இருக்க அரூரில் பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பேச்சை நடத்த வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் முன்பே நாலு பிரதி வாங்கி பாலக்கோடு நூலகத்தில் வையுங்கள், பொன்னாடைக் காசு அதற்குப் போதும். வாழ்த்துரைகளை எடுத்துவிட்டு, படித்தவர்கள் முதலில் பேசட்டும், எழுத்தாளர் கேட்டுவிட்டுப் பதில் சொல்லட்டும். அழைப்பிதழில் எழுத்தாளர் பெயரைவிடப் புத்தகத்தின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். தேதி சொன்னால் நானும் படித்துவிட்டு வருகிறேன்.